பாயும் குதிரையும் பகலவன் ஒளியும்

நெடுந்தீவின் வெட்டவெளிகளிலே கட்டாக்காலியாக மேயும் குதிரைகளை நண்பகல் வேளையிற் படம்பிடிக்க முயன்றோர் ஓர் உண்மையை நன்கு அறிவர். வெயில் குறைவென்பது அங்கே இடரன்று. வெயில் மிகுதியே இடர். கடற்புறத்து வானம் கண்கூச ஒளிரும். முருகைக்கல் மதில்கள் வெளுத்துத் தோன்றும். அவற்றின் நடுவே நிற்கும் செம்பழுப்புக் குதிரையோ முதுகிலே வெயிலையும் வயிற்றிலே இருளையும் தாங்கி நிற்கும். வானத்துக்கு அளவாக ஒளியை விட்டாற் குதிரை கரிக்கட்டியாகும். குதிரைக்கு அளவாக விட்டால் வானம் வெறுந்தாளாகும். மனிதனின் கண் இவ்விரண்டையும் ஒருங்கே கண்டு பொருத்திக்கொள்ளும். கமராவின் கண்ணுக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை.

நிற்கும் குதிரையே இத்துணை இடர் விளைக்குமாயின் ஓடும் குதிரையைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை. ஒரு மைலை 1 நிமிடம் 40 செக்கனில் ஓடி முடிக்கும் குதிரை, ஒரு செக்கனில் ஏறக்குறைய 53 அடி செல்லும். செக்கனிற் பத்திலொரு பங்கு நேரம் கமராவின் மூடி திறந்திருப்பின், அதற்குள் அது 5 அடிக்குமேல் நகர்ந்துவிடும். தகட்டிலே குதிரை பதியாது. புகைபோன்றதொரு கறையே பதியும். மூடியை மிக விரைவாகத் திறந்து மூடினாலோ, உட்புகும் ஒளி தகட்டிலே உருவம் பதியப் போதாது. விரைவு வேண்டின் ஒளி குறையும். ஒளி வேண்டின் உருவம் குழம்பும். இந்த இருதலைக் கொள்ளியின் நடுவே எறும்பென அகப்பட்டு, ஆறு ஆண்டுகளின் பின் வழிகண்டு வெளிவந்தவர் ஒருவர் உளர். அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே வாழ்ந்த எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவரே அவர்.

1830 இல் இங்கிலாந்திலே, தேம்ஸ் நதிக்கரையிலுள்ள கிங்ஸ்டன் என்னும் ஊரிற் பிறந்த மைபிரிட்ஜ், அமெரிக்கா சென்று, யொசெமிட்டி மலைப்பள்ளத்தாக்கின் இயற்கைக் காட்சிகளைப் படம்பிடித்துப் பெயர்பெற்றவர். மலையையும் முகிலையும் ஒரே தகட்டிற் பதிவுசெய்ய விரும்பி, வானத்தின் மிகையொளியை மட்டும் தடுத்து நிறுத்தும் மறைப்பொன்றை 1869 இல் அவர் அமைத்தார். ஆகவே ஒளியோடு மல்லுக்கட்டுவது அவருக்குப் புதிதன்று. ஆனால் மலை ஓடுவதில்லை.

1872 இல் அவரை அழைத்தவர் லீலன்ட் ஸ்டான்போர்ட். கலிபோர்ணியாவின் முன்னாள் ஆளுநரும், இருப்புப்பாதைக் கம்பனியொன்றின் தலைவருமாகிய அச்செல்வர் குதிரைப் பித்துடையவர். விரைந்து ஓடும் குதிரையின் நான்கு கால்களும் எப்பொழுதாயினும் ஒருங்கே நிலத்தைவிட்டு எழுகின்றனவா என்பதே அவருடைய வினா. இதன்பொருட்டு அவர் 25,000 டொலர் பந்தயம் கட்டினார் என்று ஒரு கதை வழங்குகின்றது. அதற்குச் சான்றேதும் கிடைத்திலது. பந்தயமின்றியே அறிய விழையும் மனம் உண்டென்று நம்ப மக்கள் மறுக்கின்றனர் போலும்.

சக்கரமென்ரோ நகரின் ஓட்டத்திடலிலே ஒக்சிடென்ட் என்னும் குதிரையை ஓடவிட்டு முதன்முயற்சி நடந்தது. அக்காலத்துத் தகடு கண்ணாடியாலாயது. கொலோடியன் என்னும் பசையை அதன்மீது பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவிவிடல் வேண்டும். அத்தகட்டுக்கு இன்னுமொரு குறையும் இருந்தது. அது நீலவொளிக்கே இணங்கும். சிவப்புக்கும் பழுப்புக்கும் ஏறக்குறையக் குருடு. நீலவானம் அதில் வெண்மையாகும். பழுப்புக் குதிரை கருமையாகும். நிலைமை இவ்வாறிருக்கக் குதிரைமீது விழும் வெயிலை மட்டும் நம்பிப் பயனில்லை என்பதை மைபிரிட்ஜ் விரைவிலே உணர்ந்தார். அயலிலே கிடைத்த வெள்ளைப் படுக்கைவிரிப்புகள் அனைத்தையும் திரட்டி, வெண்சுவர்போற் கட்டுவித்தார். கருங்குதிரை வெண்சுவரின்முன் ஓடினால் அதன் உருவத்தின் எல்லையாயினும் தெரியுமல்லவா? விரிப்புச் சுவரைக் கண்டு மருளாது ஓடுதற்குக் குதிரையைப் பழக்கவும் வேண்டியிருந்தது. முதல்நாள் ஒன்றும் பதியவில்லை. இரண்டாம்நாள் ஒரு நிழல் பதிந்தது. மூன்றாம்நாள் இரு பலகைகள் ஒன்றையொன்று கடந்து வழுக்கும் மூடியொன்றைப் பொருத்தி, ஒருவாறு உருவம் பெற்றார் என அக்காலத்துச் செய்தித்தாள் கூறிற்று. அப்படம் இன்று எஞ்சவில்லை.

இடையிலே சில மாதங்கள் மைபிரிட்ஜ் மத்திய அமெரிக்காவிலே தங்கினார். 1877 இல் அவர் மீண்டும் வெளியிட்ட ஒக்சிடென்டின் படம் ஐயத்தையே விளைவித்தது. அது குதிரையை நேரே எடுத்த படமன்று. எடுத்ததைப் பார்த்து ஓவியர் ஒருவர் தீட்டியதைத் திரும்பவும் படமெடுத்தது. ஒளி போதாத தகட்டைத் தூரிகையாற் செப்பனிடுதல் அந்நாளிலே வழக்கமே. ஆயினும் ‘உள்ளது இது’ என்று காட்டவந்தவனுக்குத் தூரிகை உதவாது.

1878 இல் ஸ்டான்போர்டின் பாலோ அல்டோப் பண்ணையிலே நடந்த முயற்சியே இக்கதையின் உயிர்நிலை. கமராவைத் திருத்தியதோடு நில்லாது, குதிரை ஓடும் இடத்தையே ஒளிக்கேற்ப அவர் மாற்றியமைத்தார். ஓட்டப்பாதையின் ஒருபுறத்திலே நீண்ட கொட்டகையொன்று எழுந்தது. அதனுள்ளே 12 கமராக்கள், ஏறக்குறைய இரண்டடி இடைவெளியில், வரிசையாக நின்றன. எதிர்ப்புறத்திலே சற்றுப் பின்சாய்ந்த வெண்டிரை. அதிலே எண்ணிட்ட நெடுங்கோடுகள். வெயில் அத்திரையிற் பட்டுக் கமராக்களை நோக்கித் தெறித்தது. இடையே கிடந்த பாதைமீதோ வெண்சுண்ணப் பொடி தூவப்பட்டது. வெயில் நிலத்தினின்றும் மேலெழுந்தது. மாதம் யூன், சூரியன் உச்சத்தை அணுகும் காலம், கலிபோர்ணியாவிலே முகிலற்ற வானம். நெடுந்தீவிலே இடரென்று நாம் கண்ட அதே மிகையொளியை இவர் ஆள்வைத்துப் பெருக்கினார் எனலாம்.

கமராக்களின் மூடிகளை மனிதக் கையால் அவ்வளவு விரைவில் இயக்க இயலாது. இருப்புப்பாதைக் கம்பனியின் பொறியியலாளரான ஜோன் ஐசாக்ஸ் என்பவர் துணைபுரிய, மின்சாரத்தால் விடுபடும் மூடிகள் அமைந்தன. சிறுவண்டி இழுத்தோடும் குதிரைக்கு, வண்டிச் சில்லு நிலத்திலே கிடந்த கம்பிகளை அழுத்தியதும் மின்சுற்று இணைந்தது. ஆளேறிப் பாயும் குதிரைக்கு, பாதைக்குக் குறுக்கே கட்டிய மெல்லிய நூல்களை அதன் மார்பே அறுத்துச் சென்றது. ஒவ்வொரு தகட்டுக்கும் கிடைத்த ஒளி ஒரு செக்கனின் 2,000 இல் ஒரு பங்குக்கும் குறைவு என மைபிரிட்ஜ் பின்னர் அச்சிட்டார். அந்நேரத்திலே குதிரையின் உடல் மூன்றிலொரு அங்குல அளவே நகரும்.

முன்னைய ஆண்டின் ஐயத்தை ஒழிக்கவேண்டுமன்றோ? யூன் 15 ஆந் திகதி செய்தியாளரை அழைத்து, அவர்கள் கண்முன்னே எல்லாம் நடத்தப்பட்டது. முதலில் ஏப் எட்ஜிங்டன் என்னும் குதிரை வண்டியோடு ஓடியது. பின்னர் சாலி கார்ட்னர் என்னும் பெட்டைக்குதிரை நாலுகாற் பாய்ச்சலில் வந்தது. நூல்கள் மார்பிற் பட்டு அறுந்தபோது அது மருண்டு துள்ளிற்று. சேணத்தின் வார் அறுந்தது. அவ்விடத்திலேயே தகடுகள் கழுவப்பட்டபோது, அறுந்த வாரும் அவற்றிலே காணப்பட்டது. எவ்வோவியரும் எண்ணித் தீட்டியிராத அச்சிறு விபத்தே செய்தியாளரின் ஐயத்தைத் தீர்த்தது.

ஸ்டான்போர்டின் வினாவுக்கு விடை கிடைத்தது. கால்கள் நான்கும் நிலத்தைவிட்டு எழுவது உண்மை. ஆனால் எழும் கணம் எவரும் எண்ணியதன்று. முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டிப் பறப்பதாகவே ஓவியர் குதிரையைத் தீட்டிவந்தனர். பிரான்சு நாட்டு ஜெரிக்கோ 1821 இல் தீட்டிய எப்சம் பந்தய ஓவியத்திலும் அத்தோற்றமே உண்டு. தகடு காட்டியதோ வேறு. கால்கள் நான்கும் வயிற்றின்கீழ் மடிந்து கூடும் கணத்திலேயே பாயும் குதிரை முழுதும் வானில் நிற்கின்றது. அதனைக் கண்டவர் பலர் அழகில்லை என்றனர். குதிரைகளை நுணுகித் தீட்டுவதிற் பெயர்பெற்ற மெசோனியே என்னும் ஓவியர், தம் கண்ணை நம்பியிருந்தவர், இப்படங்களால் மிகவும் கலங்கினார். ஆயினும் 1881 இல் பாரிசிலே தம் இல்லத்துக்குக் கலைஞரை அழைத்து மைபிரிட்ஜின் படங்களைக் காட்டச்செய்தவரும் அவரே. பிழையென்று கண்டதை ஒப்புக்கொள்ளும் துணிவு அவரிடம் இருந்தது.

இவ்வெற்றிக்குக் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். சாலி கார்ட்னரின் படங்களில் இருப்பது குதிரையன்று, குதிரையின் நிழல். ஒளி முழுவதும் பின்னின்ற திரைக்கும் கீழ்நின்ற சுண்ணத்துக்கும் போயிற்று. குதிரையின் கண்ணில்லை, மயிரின் பளபளப்பில்லை, ஏறியிருந்தவனின் முகமுமில்லை. காலின் நிலையை அறியவேண்டி மற்றெல்லாவற்றையும் அவர் விட்டுக்கொடுத்தார். அறிந்தே விட்டுக்கொடுத்தார் என்பதிலேதான் அவருடைய திறமை இருக்கின்றது. எல்லாம் வேண்டுமென்று நின்றிருப்பின் ஒன்றும் கிட்டியிராது.

பணம் கொடுத்தவர் பெயரைக் கொடுக்கவில்லை. 1882 இல் ஸ்டான்போர்டின் ஆதரவிலே ‘இயங்கும் குதிரை’ என்னும் நூல் வெளிவந்தபோது, அதன் ஆசிரியராக முகப்பில் நின்றவர் ஸ்டில்மன் என்னும் மருத்துவர். மைபிரிட்ஜ் கூலிக்கு வேலைசெய்தவர்போல ஒதுக்கப்பட்டார். இலண்டன் அரச கழகம் அவருடைய கட்டுரையை வெளியிடவிருந்தது. அந்நூலைக் கண்டதும் பின்வாங்கிற்று. அவர் தொடுத்த வழக்கும் வெற்றிபெறவில்லை.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் அவருக்கு இடமளித்தது. 1884 தொடங்கி அங்கே அவர் பணிபுரிந்தபொழுது, கொலோடியன் தகட்டின் காலம் முடிந்து உலர்தகடு வந்துவிட்டது. ஈரத்தோடு ஓடவேண்டியதில்லை, குறைந்த ஒளிக்கும் அது இணங்கிற்று. 1887 இல் வெளிவந்த ‘விலங்குகளின் இயக்கம்’ என்னும் தொகுதியிலே 781 படத்தாள்கள் உள. அவற்றுட் குதிரைகள் பல. சாலி கார்ட்னரிடம் காணாதவை இக்குதிரைகளிடம் உண்டு: தோளிலே விம்மும் தசை, கழுத்திலே வழியும் ஒளி, வயிற்றின்கீழ்ப் படர்ந்த நிழலினுள்ளும் தெளிந்து தெரியும் கால்.