பரிசு பெற்ற வரைபடம்

அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிலே, தாவரவியற் பூங்காவை அடுத்துக் கடலுள் நீண்டு கிடப்பது பெனலோங் முனை. அங்கே ஒபரா மாளிகை ஒன்றை எழுப்ப விரும்பிய நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கம், 1956ஆம் ஆண்டில் உலகளாவிய போட்டியொன்றை நடாத்தியது. வந்த வரைபடங்கள் 233. நடுவர் நால்வரும் 1957இல் தெரிந்தெடுத்தது டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்சன் என்பாரின் படைப்பை. அதுவோ வெறும் கோட்டுருவம் போன்றது. பாய் விரித்த மரக்கலத்தை நிகர்த்த அக்கூரைகளைக் கட்டும் வழி அன்று எவருக்கும் புலப்படவில்லை.

1959இல் வேலை தொடங்கியது. கூரைகள் யாவற்றையும் ஒரே கோளத்தின் துண்டுகளாக அமைக்கலாம் என்னும் தீர்வு பின்னரே பிறந்தது. இதற்கிடையில் செலவு பெருகிற்று, ஆட்சியும் மாறிற்று. அமைச்சரோடு பிணங்கி, 1966இல் உட்சன் விலகினார். 1973இல் மாளிகை திறக்கப்பட்டபோது, செலவு முதல் மதிப்பீட்டைப்போற் பதினான்கு மடங்கைக் கடந்திருந்தது. 2007இல் அது உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. மறு ஆண்டு மறைந்த உட்சன், நிறைவுற்ற மாளிகையை ஒருமுறையேனும் நேரிற் கண்டாரில்லை.

நடுவர் தெரிவு பிழையா? அன்று. தெரிவிலே காட்டிய துணிவுக்கு ஏற்ற பொறுமை பின்னர் இல்லாது போயிற்று, அதுவே பிழை. பரிசளிப்பதோடு போட்டி முடிந்துவிடலாம். கட்டுவிப்போர் கடமை அங்கேதான் தொடங்குகின்றது.