பொதுநிலமும் இளைஞர் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவிலே பேசவேண்டும் என்று செயலாளர் வந்து கேட்டபொழுது, எதைப்பற்றிப் பேசுவது என்று சிறிது தயங்கினேன். அந்தத் தயக்கத்தைத் தீர்த்து வைத்தவர் ஒரு முதியவர். சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலே, இச்சங்கத்து இளைஞர் சிலர் மண்வெட்டியும் கடகமும் எடுத்துக்கொண்டு நம் அயலிலுள்ள பூங்காவைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார்கள். அவ்வழியே வந்த முதியவர் ஒருவர் நின்று, "தம்பி, இது மாநகர சபையாரின் வேலை அல்லவோ? உங்களுக்கேன் இந்தப் பாடு?" என்று கேட்டார். தம்பி சிரித்தாரேயன்றி விடை கூறவில்லை. அந்தக் கேள்வி நல்ல கேள்வி. அதற்குரிய விடையை இன்று நாம் சேர்ந்து தேடிப் பார்க்கலாம் என்று எண்ணுகின்றேன்.

நம் வீட்டு வளவுக்கு உறுதி உண்டு, வேலி உண்டு, அயலவன் ஒரு முழம் நகர்த்தினால் கேட்பதற்கு ஆளும் உண்டு. ஆனால் பூங்கா, குளக்கரை, கடற்கரை, மேய்ச்சல் தரவை, மரநிழல் ஆகிய இவற்றுக்கு நம்முள் எவர் பெயரிலும் உறுதி இல்லை. எல்லோருக்கும் உரியது என்பதனாலேயே, காப்பதற்கு ஒருவரும் இல்லாமற் போய்விடுகின்றது. நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். வழிப்போக்கனுக்குச் சுமைதாங்கியும் மடமும், கால்நடைக்கு ஆவுரஞ்சிக்கல்லும் கேணியும் அமைத்து, அவற்றைப் பேணுவதை அறமென்று கொண்டார்கள்.

தொண்டு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் திருநாவுக்கரசு நாயனார். அவர் கையில் ஏந்தியது புற்செதுக்கும் உழவாரப்படை. திருக்கோயில்களின் வீதியிலே முளைத்த புல்லையும் பூண்டையும் தம் கையாலே செதுக்கியவர் அவர். ஆனால் அப்பெருமானிடத்து மற்றொரு பண்பும் உண்டு. பல்லவ அரசன் ஆள் விட்டு அழைத்தபொழுது அஞ்சாது மறுமொழி கூறியவரும் அவரே. கையிலே உழவாரம், நாவிலே அஞ்சாமை. இவ்விரண்டும் ஒருவரிடத்திலேயே இருந்தன. நாமோ முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டோம். அதனால் வந்த இழப்பு ஒன்றை என் வாழ்க்கையிலிருந்தே சொல்லுகின்றேன்.

நான் பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒரு சிற்றூர். குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மாரிமழை, குளங்களிலே தங்கி, சுண்ணக்கல்லினூடே கீழிறங்கி, நிலத்தடியில் நன்னீராகச் சேர்கின்றது. கிணற்றிலே நாம் அள்ளுவது அந்த நீரையே. ஆதலால் எங்கள் பகுதியிற் குளம் என்பது ஊர்க்கிணறுகளுக்கெல்லாம் தாய் போன்றது.

எங்கள் ஊர்க் குளத்தை ஆண்டுதோறும் ஆவணி மாதத்திலே, நீர் வற்றியிருக்கும் வேளை பார்த்து, இளைஞர் கூடித் தூர்வாரினோம், வெள்ளவாய்க்காலைத் துப்புரவாக்கினோம். சிரமதானம் என்றால் ஊரே திரளும். ஒரு வீட்டிலிருந்து கூழ் வரும். மற்றொரு வீட்டிலிருந்து தேநீரும் பனங்கட்டியும் வரும். பத்து ஆண்டுகள் இவ்வாறு செய்தோம். பின்னர் ஒருநாள், குளத்தின் மூலையொன்றிலே கல்லும் மண்ணும் கொண்டுவந்து கொட்டினார்கள். ஏதோ ஒரு கட்டடம் எழப்போகின்றது என்று பேச்சு. யார் அனுமதித்தார்? எவ்வளவு நிலம் போகும்? நீர் வரும் வாய்க்கால் என்னாகும்? ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எழுதத் தெரியாதவன் அல்லேன். அக்காலத்தில் நான் ஆசிரிய பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவன். பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாங்கள் இருந்தோம். இளைஞர்கள் கேட்பார்கள் என்று பெரியவர்கள் இருந்தார்கள். அடுத்த மாரியிலே வாய்க்கால் அடைபட்டது. குளத்துக்கு வரவேண்டிய வெள்ளம் ஒழுங்கைக்குள் வந்தது. பத்தாண்டுக் கையுழைப்பை, ஒரு கடிதம் எழுதாமையால் இழந்தோம். இன்றும் ஊருக்குப் போனால் அந்த மூலையைப் பார்க்க என் மனம் கூசுகின்றது.

இனி, கடிதம் எழுதியவர்களின் கதை ஒன்றைக் கேளுங்கள்.

காலிமுகத்திடலை அறியாதார் இச்சபையில் இருக்கமாட்டார்கள். பட்டம் விட்டதும், இறால்வடை வாங்கித் தின்றதும், கடற்காற்று வாங்கியதும் நம்மில் எத்தனை பேர்! ஏறக்குறைய 5 ஹெக்டேயர் பரப்புள்ள அத்திடலின் கடலோர நடைபாதையைத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் நிறைவேற்றினார். கொழும்பு நகரத்துப் பெண்களும் பிள்ளைகளும் பயன்பெறும் பொருட்டு இதனைப் பேணிவருமாறு தமக்குப் பின்வரும் ஆட்சியாளரை வேண்டிக் கல்லொன்றிலே எழுதியும் வைத்தார். ஆனால் கல்லிலே எழுதியது மட்டும் ஒரு நிலத்தைக் காக்குமா?

ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் சென்றன. இத்திடலின் நிருவாகத்தை நகர அபிவிருத்தி அதிகார சபை தனியார் கம்பனி ஒன்றிடம் ஒப்படைக்கப் போவதாகவும், அங்கே பெரியதோர் களியாட்டு நிலையம் எழப்போவதாகவும் பத்திரிகையிற் செய்தி வந்தது. ஆயிரக்கணக்கானோர் அதனை வாசித்திருப்பர். "ஐயோ" என்று சொல்லிப் பத்திரிகையை மடித்து வைத்திருப்பர். சுற்றாடலைக் காப்பதற்கென்று 1981 இல் அமைந்த 'என்வயரன்மென்ரல் பவுண்டேசன்' என்னும் நிறுவனத்தார் அவ்வாறு மடித்து வைக்கவில்லை. ஒரு கடிதம் எழுதினார்கள்: "இந்த உடன்படிக்கை யாது? அதன் விபரங்களை எமக்குத் தருக." தர மறுத்தார்கள். மறுக்கவே, 2004 இல் உயர் நீதிமன்றத்திலே அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தனர்.

2005 இல் தீர்ப்பு வந்தது. விபரம் தர மறுத்தது குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்றும், அந்த உடன்படிக்கை சட்டத்திற் செல்லாது என்றும் நீதிமன்றம் கூறியது. பேச்சுரிமை உண்டென்றால், பேசுவதற்கு வேண்டிய செய்தியை அறியும் உரிமையும் அதனுள் அடங்கவேண்டும் அன்றோ? அறியாதவன் எதைப் பேசுவான்? நம் பிள்ளைகள் இன்றும் அத்திடலிலே காசு கொடாமற் பட்டம் விடுகின்றார்கள் என்றால், அதற்குப் பின்னால் அந்தக் கடிதமும் நிற்கின்றது.

இது தனியொரு நிகழ்ச்சி என்று எண்ணவேண்டாம். பத்தரமுல்லையிலே பொதுத்தேவைக்கென்று மக்களிடமிருந்து அரசு எடுத்த தாழ்நிலம், பின்னர் தனியாரின் கோல்ப் விளையாட்டுத் திடலுக்குப் போய்ச் சேர்ந்தது. குடிமக்கள் இருவர் உயர் நீதிமன்றம் சென்றனர். ஆட்சியிலிருப்போர் பொதுச்சொத்தை மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பிலே வைத்திருப்பவரேயன்றி உடைமையாளர் அல்லர் என்ற கொள்கையை 2008 இல் நீதிமன்றம் உறுதியாக எடுத்துரைத்தது. அந்நிலமும் அரசுக்கு மீண்டது. கோயிற் சொத்தைத் தர்மகர்த்தா எவ்வாறு வைத்திருக்கவேண்டுமோ அவ்வாறே ஊர்ச்சொத்தை ஆட்சியாளர் வைத்திருக்கவேண்டும் என்றால், நம்முள் எவருக்கும் இது எளிதில் விளங்கும்.

அன்று அவர்களுக்கு நீதிமன்றம் வரை செல்லவேண்டியிருந்தது. இன்று உங்கள் பாதை எளிது. 2015 இல் அரசியலமைப்பின் 19ஆம் திருத்தம் தகவல் அறியும் உரிமையை அடிப்படை உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி வகுத்தது. எந்தப் பொது அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். அவரிடம் விண்ணப்பிக்கலாம், தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கின்றாய் என்று காரணம் கேட்க அவருக்கு அதிகாரமில்லை. விபரம் தரப்படுமா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானித்தல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு. இன்னுமொன்று: உறுப்பினருள் முக்காற்பங்கினரேனும் இந்நாட்டுக் குடிமக்களாயிருந்தால், ஒரு சங்கம் தன் பெயராலேயே கேட்கலாம். ஆகவே இச்சங்கமும் கேட்கலாம்.

கடிதம் எழுதினாற் போதும், மண்வெட்டி வேண்டா என்று நான் சொல்வதாகக் கொள்ளாதீர்கள். கையிலே அழுக்குப் படாதவன் எழுதும் கடிதத்துக்கு உயிர் இராது. அந்த நிலத்திலே எந்த மரம் எப்பொழுது பூக்கும், எந்தப் பக்கத்தால் நீர் வரும், எங்கே குப்பை கொட்டுகின்றார்கள் என்பவை, அங்கே குனிந்து வேலை செய்தவனுக்கே தெரியும். 2021ஆம் ஆண்டு மே மாதத்திலே 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்னும் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி எரிந்தபொழுது, அரிசிமணி போன்ற பிளாஸ்டிக் உருண்டைகள் கரையெங்கும் ஒதுங்கின. அவற்றை யந்திரத்தால் எளிதில் அள்ள முடியவில்லை. பின்னர் தொண்டர்களும் வந்து, மணலை அரிதட்டிலே இட்டு அரித்து அரித்து எடுத்தார்கள். கைகளே செய்யக்கூடிய வேலை இவ்வுலகில் என்றும் உண்டு.

ஆனால் கையுழைப்புக்கும் அறிவு வேண்டும். அதனிலும் மேலாகத் தொடர்ச்சி வேண்டும். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப் பின்னர் நம் கரையோரங்களிலே கண்டற் கன்றுகளைப் பெருந்தொகையாக நட்டார்கள். அவ்வாறு நட்ட 23 இடங்களைச் சென்று பார்த்து ஆராய்ந்தவர்களின் முடிவு 2017 இல் வெளியாயிற்று. 9 இடங்களில் ஒரு கன்றுதானும் எஞ்சியிருக்கவில்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நடமுயன்றதில் ஏறக்குறைய 200 ஹெக்டேயரே தேறியது. காரணம் யாது? கண்டல் வளராத இடத்திலே நட்டார்கள். நட்டபின் பார்க்க வரவில்லை. நடும் நாளிலே படம் பிடிக்க வந்தவர் பலர். மூன்றாம் மாதத்திலே ஆடு கடித்ததா என்று பார்க்க வந்தவர் சிலர். பின்பராமரிப்பு நடந்த இடங்களிலேயே கன்றுகள் நன்கு பிழைத்தன. பிள்ளையைப் பெறுவதோடு தாயின் கடமை முடிந்துவிடுகின்றதா?

ஆகவே இளைஞர்களே, இவ்வாண்டு நீங்கள் செய்யத்தக்கவை என்று மூன்றை மாத்திரம் கூறுகின்றேன்.

முதலாவது: பல இடங்களுக்கு ஓடாது ஓரிடத்தைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். பூங்காவோ, குளமோ, கால்வாய்க்கரையோ, ஒன்று போதும். மாதம் ஒருமுறை தவறாது அங்கே செல்லுங்கள்.

இரண்டாவது: ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். நின்ற மரங்கள் எத்தனை, பட்டவை எத்தனை, வந்த பறவைகள் எவை என்று திகதியிட்டு எழுதுங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 இலே தொடங்கியது. இன்றும் தை மாதந்தோறும் நம் நாட்டுக் குளங்களிலும் களப்புகளிலும் தொண்டர்கள் சென்று எண்ணுகின்றார்கள். பெரிய கருவி வேண்டியதில்லை. பொறுமையுள்ள கண்ணும் ஒழுங்கான எழுத்துமே வேண்டும். நாளை ஒருவர் வந்து "இது பாழ்நிலம்" என்று கூறும்பொழுது, அந்தக் கொப்பி உங்கள் சாட்சியாக நிற்கும்.

மூன்றாவது: புதிதாக ஒரு கல் வந்து இறங்கினால், அன்றே மரியாதையாகக் கேட்டு எழுதுங்கள். வசைமொழி வேண்டா, கட்சி வேண்டா. எந்த அலுவலரையும் பகைவராக எண்ணவேண்டா. அவர்களுள்ளும் நல்லவர் பலர். நீங்கள் கேட்கும் கேள்வி, நேர்மையான அலுவலருக்கு வலிமை கொடுக்கும். சில வேளை அக்கட்டடம் உண்மையிலேயே ஊருக்கு வேண்டியதாகவும் இருக்கலாம். அப்படியாயின் எங்கே கட்டுவது, நீர்வழியை எவ்வாறு காப்பது என்று உடனிருந்து பேசுங்கள். கல் இறங்கிய நாளிற் கேட்பது எளிது. சுவர் எழுந்தபின் கேட்பது அரிது. இதனை என் ஊர்க்குளத்தின் மூலை எனக்குக் கற்பித்தது.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரின் பழைய எல்லைகள் உங்கள் நினைவிலேயே இருக்கின்றன. குளம் எதுவரை இருந்தது, வாய்க்கால் எவ்வழியாக ஓடியது என்பதை இவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். கடிதத்திலே கையொப்பமிடும் வேளை வரும்பொழுது, முதலாவது கையொப்பம் உங்களுடையதாக இருக்கட்டும். "இளைஞர்கள் கேட்பார்கள்" என்று நீங்களும், "பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று இவர்களும் இருந்தால், என் ஊரிலே நடந்ததே இங்கும் நடக்கும்.

இப்பொழுது அந்த முதியவரின் கேள்விக்கு வருவோம். "இது மாநகர சபையாரின் வேலை அல்லவோ?" ஐயா, வேலை அவர்களுடையதுதான், நிலம் நம்முடையது. வேலை சரியாக நடக்கின்றதா என்று பார்ப்பது நிலத்துக்குரியவன் கடமை. அதனைத் தூரத்தே நின்று பாராது, கடகம் சுமந்துகொண்டு அருகே நின்று பார்க்கின்றார்கள் இந்தப் பிள்ளைகள்.

அந்த முதியவர் இன்று இச்சபையிலே இருப்பாரானால் அவருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவ்வழியே வாருங்கள், ஐயா. கடகம் தூக்கவேண்டியதில்லை. மரநிழலில் அமர்ந்து, அந்தப் பூங்கா முன்னர் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். தம்பி எழுதிக்கொள்வார்.