வீட்டு நிலைமையையும் டாக்டரிடம் சொல்லுங்கள்



இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பு மெலிகிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறோம். சளியைச் சோதித்துக் காசநோய் என்கிறார்கள். மாத்திரை இலவசம். பெரும்பாலோருக்கு ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

ஆனால், "கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும், ராத்திரி ஒரு வேளைதான் சோறு" என்று டாக்டரிடம் எத்தனை பேர் வாய் திறக்கிறோம்? நம் வீட்டுக் கஷ்டத்தை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிடுகிறோம். தாய்மார்களைக் கேட்கவே வேண்டாம். எல்லோருக்கும் போட்டுவிட்டுச் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவர், "நல்லாத்தான் சாப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு வருவார்.

சத்தில்லாத உடம்பைக் காசநோய் சுலபமாகப் பிடிக்கும். ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆராய்ச்சி நடந்தது. நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். பாதிக் குடும்பங்களில் மட்டும் வீட்டாருக்கும் சேர்த்து, பெரியவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1½ கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை இது!

ஆகவே வீட்டில் என்ன சாப்பாடு, யாருக்கு வேலை, எத்தனை குழந்தைகள் என்று கேட்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். கேட்க வேண்டியது எங்கள் கடமை. நாங்கள் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருப்பதைச் சொன்னால் பரிசோதித்துத் தடுப்பு மாத்திரை தருவோம். வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள் அம்மா. குடியும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் ஈரல் கெட்டுப்போகும். வேலை நேரம் ஒத்துவரவில்லை என்றால், உங்கள் தெருவிலேயே ஒருவர் மூலம் மாத்திரை கிடைக்க வழி செய்யலாம்.

சாப்பாட்டுக்கென்று காசநோயாளிக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தார்கள்; 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு இது போதாதுதான், எனக்கும் தெரியும். அதற்காக விட்டுவிடாதீர்கள். வரத் தாமதமானால் கூச்சப்படாமல் கேளுங்கள். இது யாரும் போடும் பிச்சை அல்ல. பணம் பாங்குக் கணக்கில்தான் விழும். அடுத்த முறை இரண்டு பேருமாகவே வாருங்கள். பாஸ்புக்கையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.