ஊர் நட்ட கல்



திண்டுக்கல்லில் பஸ் ஏறித் திருச்சிக்குப் போகிறவர்கள் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு நினைவிடத்தைப் பார்த்திருப்பார்கள். அது மேஜர் சரவணனுக்காக எழுப்பியது. பீகார் ரெஜிமெண்ட் அதிகாரி. 1999 மே 29, கார்கில் போர். படாலிக் மலையில் எதிரியின் பதுங்குகுழியை நோக்கி வீரர்களை நடத்திச் சென்றவர், அங்கேயே விழுந்தார். வயது 26தான்.

அவர் உடலை உடனே மீட்க முடியவில்லை. சண்டை ஓயவில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் அந்த மலையிலேயே கிடந்தது. ஜூலையில்தான் திருச்சி வந்தது. அரசு வீர சக்ரா விருது தந்தது. ஊர் நினைவிடம் எழுப்பியது. ஆண்டுதோறும் மே 29 அன்று அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள்.

போரில் விழுந்தவனுக்கு ஊர் கல் நடுவது நம் பக்கத்தில் பழைய வழக்கம். மிகப் பழைய வழக்கம். கல்லைத் தேடுவதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரை ஆறு கட்டங்களைத் தொல்காப்பியம் சொல்கிறது. தொலைவில் தேட வேண்டாம். வத்தலக்குண்டைத் தாண்டி, வைகைக் கரையில் புலிமான்கோம்பை. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே எழுத்துள்ள நடுகற்களைக் கண்டார்கள். வயது இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல். அதில் ஒன்று, மாடுபிடிச் சண்டையில் மாண்டவனுக்கு. சல்லிக்கட்டு இல்லை, மந்தையைக் கவரும் போர்!

நம் ஊர்களில் இப்படிப்பட்ட கல் சில நேரம் துணி துவைக்கும் கல்லாகக் கிடக்கும். எழுத்தோ உருவமோ தெரிந்தால் சுண்ணாம்பு பூச வேண்டாம். தாசில்தாரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள்.