துடைப்பமும் மேடையும்

(பெண்களின் பணிவிடை உழைப்பும் கலையும் என்னும் பொருளில், மும்பை முலுண்டில் நடைபெற்ற கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

தோழர்களே,

இன்று ஞாயிற்றுக்கிழமை. நம்மில் பலருக்கு விடுமுறை. ஆனால் காலை 7 மணிக்கே முலுண்ட் நிலையத்தில் இறங்கி, அடுக்குமாடிக் குடியிருப்புகளை நோக்கி விரைந்த பெண்களுக்கு விடுமுறை இல்லை. அவர்கள் நான்கைந்து வீடுகளில் பெருக்கி, துடைத்து, பாத்திரம் துலக்கிவிட்டுத் தம் வீடு திரும்பி, அதே வேலைகளை மீண்டும் ஒருமுறை செய்வார்கள். முதல் நான்கைந்து வீடுகளில் செய்ததற்குக் குறைந்த கூலி உண்டு. கடைசி வீட்டில் செய்வதற்குக் கூலியே இல்லை. இந்த உழைப்பு முழுவதையும் 'ஜாடு-கட்கா' என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறது இந்நகரம்.

2024-ஆம் ஆண்டுக்கான அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். எண்கள் அரசின் ஏட்டில் இருக்கின்றன. ஆயினும் இந்த உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைக் கண்ணுக்குத் தெரியச் செய்வதில் கலைக்கு என்ன பங்கு, அந்தப் பங்கின் எல்லை எது என்பதே இன்று நான் பேச வந்த பொருள்.

கண்ணாடிப் பெட்டியின் பாடம்

1969-இல் நியூயார்க்கைச் சேர்ந்த மியர்ல் லேடர்மன் யூகெலஸ் என்னும் கலைஞர் ஓர் அறிக்கை எழுதினார். முந்தைய ஆண்டுதான் அவர் தாயாகியிருந்தார். கலை படைக்கும் நேரமெல்லாம் குழந்தையைக் கவனிப்பதிலும் வீட்டு வேலையிலும் கரைந்தது. உலகில் இருவகை உழைப்பு உண்டு என்றார் அவர்: ஒன்று புதியதைப் படைப்பது, மற்றது படைத்ததைத் தூசி படியாமல் காப்பது. முன்னதற்குப் புகழ் கிடைக்கிறது; பின்னதற்கு அற்பக் கூலி, இல்லத்தரசிக்கு அதுவும் இல்லை. ஆகவே தாம் துடைப்பதையும் துவைப்பதையுமே இனிக் கலையாகச் செய்து காட்டப்போவதாக அறிவித்தார். அதற்குப் 'பராமரிப்புக் கலை' என்று பெயரிட்டார்.

1973 ஜூலையில் ஹார்ட்ஃபோர்ட் நகரின் வாட்ஸ்வொர்த் அதீனியம் அருங்காட்சியகத்தில், பார்வையாளர் கண்முன்னே மண்டியிட்டு வாசற்படிகளையும் கூடத்தின் தரையையும் மணிக்கணக்கில் கழுவினார். உடலையே கருவியாகக் கொண்டு ஒரு செயலைச் செய்து காட்டும் இவ்வகைக் கலைக்கு மேடையும் வேண்டாம், வசனமும் வேண்டாம்.

அங்கே அவர் செய்த மற்றொன்று நமக்கு இன்னும் முக்கியமானது. அருங்காட்சியகத்தில் ஒரு மம்மி கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தது. அக்கண்ணாடியைத் துடைப்பது துப்புரவுத் தொழிலாளியின் வேலை. யூகெலஸ் அதைத் தாமே துடைத்து, முத்திரையிட்டு, துடைக்கப்பட்ட அந்தக் கண்ணாடியைக் கலைப்படைப்பு என்று அறிவித்தார். கலைப்படைப்பைத் தொடும் உரிமை துப்புரவுத் தொழிலாளிக்கு இல்லை. கலைப்பொருள் பாதுகாப்பு அதிகாரிக்கே உண்டு. ஆகவே அடுத்த முறை அந்த அதிகாரியே துடைக்க வேண்டியதாயிற்று. கண்ணாடி அதே, துணி அதே, துடைப்பதும் அதே. செய்பவர் மாறியவுடன் செயலின் மதிப்பு மாறிவிட்டது!

இதைவிட எளிதாக வர்க்க சமுதாயத்தை விளக்க முடியுமா, தோழர்களே? ஒரு வேலை இழிவானது, அதனால் அதைச் செய்பவருக்குக் கூலி குறைவு என்று நமக்குச் சொல்லப்படுகிறது. உண்மை தலைகீழானது. பெண்ணும் தலித்தும் ஏழையும் செய்வதாலேயே அந்த வேலை இழிவென்று முத்திரை குத்தப்படுகிறது.

திங்கட்கிழமைக் கேள்வி

அந்த அறிக்கையில் புரட்சிக்காரர்களை நோக்கியும் ஒரு கேள்வி உண்டு. புரட்சி முடிந்தபின் வரும் திங்கட்கிழமை காலையில் குப்பையை அள்ளப்போவது யார் என்று கேட்டார் யூகெலஸ். இக்கேள்வியை நம் மீதான கிண்டலாக எண்ணி ஒதுக்கிவிடலாகாது.

அதற்குச் சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1919-இல், லெனின் 'மாபெரும் தொடக்கம்' என்னும் கட்டுரையை எழுதினார். உள்நாட்டுப் போரின் நடுவே தொழிலாளர்கள் சனிக்கிழமைகளில் ஊதியமின்றி உழைத்ததை வரவேற்ற கட்டுரை அது. அதே கட்டுரையில், சட்டங்கள் எத்தனை இயற்றினாலும் சமையலறையும் குழந்தைப் பராமரிப்பும் பெண்ணைப் பிணைத்திருக்கும் வரை அவள் வீட்டு அடிமையாகவே இருப்பாள் என்று வாதிட்டார். பொது உணவகங்களையும் குழந்தைக் காப்பகங்களையும் கம்யூனிசத்தின் இளந்தளிர்கள் என்று மதித்தார். ஆக, திங்கட்கிழமைக் கேள்விக்கு நம் இயக்கத்திடம் விடை உண்டு: அந்த வேலை ஒரு பாலினத்தின் தலைவிதியாகவோ ஒரு சாதியின் தொழிலாகவோ இருத்தல் கூடாது; அது சமூகத்தின் பொறுப்பாக வேண்டும். விடை ஏட்டில் இருக்கிறது. நம் வீடுகளில் இருக்கிறதா என்பதே கேள்வி.

நன்றி போதுமா?

1977-இல் யூகெலஸ் நியூயார்க் மாநகரத் துப்புரவுத் துறையில் ஊதியமில்லாக் கலைஞராகச் சேர்ந்தார். 1979-80-இல் பதினொரு மாத காலம் நகரெங்கும் சுற்றி, 8,500 தொழிலாளர்களில் ஒவ்வொருவருடனும் கைகுலுக்கி, நகரைக் காப்பதற்காக நன்றி கூறினார். துப்புரவுத் தொழிலாளியின் கையைத் தொடவே கூசும் நம் நாட்டில் ஒரு கைகுலுக்கல் சிறிய செயலன்று. ஆனால் கைகுலுக்கல் கூலி ஆகாது.

2020-இல் நம்மைத் தட்டு தட்டச் சொன்னார்கள். மருத்துவமனைகள் மீது ஹெலிகாப்டர்களிலிருந்து மலர் தூவினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆஷா ஊழியர்கள் பாதுகாப்புக் கருவிகளும் நியாயமான ஊதியமும் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வீடு வீடாகச் சென்ற அப்பெண்கள் அரசின் பார்வையில் தொழிலாளர்கள் அல்லர், தொண்டர்கள்! அவர்களுக்குத் தரப்படுவது சம்பளமன்று, ஊக்கத்தொகை! பெண்ணின் உழைப்பைச் சேவை என்றும் தியாகம் என்றும் போற்றுவது, அதற்கு விலை கொடுக்காதிருக்க ஆளும் வர்க்கம் கண்ட மலிவான வழி. இந்தப் போற்றுதலோடு நின்றுவிடும் கலை, எவ்வளவு நல்ல நோக்கமுடையதாயினும், அந்த வழிக்கே துணைபோகும்.

மும்பையின் அனுபவம்

நாம் வெறுங்கையோடு தொடங்கவில்லை. அண்ணாபாவு சாட்டேயும் அமர் ஷேக்கும் கவாண்கரும் 1944-இல் தோற்றுவித்த லால் பாவ்டா கலாபதக், ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளைக் கலையரங்குகளாக்கியது. 1979-இல் வட இந்திய உழைக்கும் பெண்கள் மாநாட்டுக்காக ஜன நாட்டிய மஞ்ச் 'ஔரத்' வீதி நாடகத்தை உருவாக்கியது. மகள், மனைவி, தொழிலாளி என்று ஒரே பெண் சுமக்கும் பல சுமைகளை அது வீதியில் வைத்தது.

1983-இல் இந்நகரின் ஸ்த்ரீ முக்தி சங்கடனா 'முல்கி ஜாலி ஹோ' என்னும் மராத்தி நாடகத்தை அரங்கேற்றியது. 'பெண் பிறந்தாள்' என்பது அதன் பொருள். எழுதிய ஜோதி மாப்சேகர் தொழிலால் நூலகர். நடித்தவர்களும் தொழில்முறை நடிகையர் அல்லர். சேரிகளிலும் கிராமங்களிலும் ஆயிரக்கணக்கான முறை அது நடந்தது. அதைவிட முக்கியம், அந்த அமைப்பு நாடகத்தோடு நிற்கவில்லை. 1998 முதல் குப்பை பொறுக்கும் பெண்களை அணிதிரட்டி, பயிற்சியளித்து, கூட்டுறவுகளாக அமைத்தது. 1972-ஆம் ஆண்டின் வறட்சியால் மராத்வாடாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தலித் குடும்பங்களின் பெண்கள் அவர்களில் பலர். செம்பூரை அடுத்த தேவனாரிலும், 2018-இல் மூடப்படும் வரை இதே முலுண்டிலும், குப்பைமேடுகளில் இந்நகரின் கழிவைத் தரம்பிரித்தவர்கள் இத்தகைய பெண்களே. அந்த அமைப்பின் வழிமுறை நம்முடையது அன்று. ஆனால் மேடையிலிருந்து குப்பைமேட்டுக்கு நடந்த அந்தப் பாதையிலிருந்து நாம் கற்க வேண்டியது உண்டு.

வீட்டு வேலைப் பெண்களே முன்னே சென்ற வரலாறும் உண்டு. 1980-இல் பூனாவில் அவர்கள் தன்னெழுச்சியாக வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் அதன்பின் வளர்ந்தது. மகாராஷ்டிர வீட்டுவேலைத் தொழிலாளர் நலவாரியச் சட்டம் வந்தது 2008-இல். வீட்டு வேலையாட்களுக்கான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 189-ஆவது உடன்படிக்கை 2011-இல் நிறைவேறியது. இந்தியா இன்றுவரை அதனை ஏற்புறுதி செய்யவில்லை. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கென்று தனியான மத்தியச் சட்டமும் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, கலையை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றே. யாருடைய உழைப்பைக் காட்டுகிறதோ அவர்களே அதில் பேசுகிறார்களா? பேசியவர்கள் மறுநாள் சங்கத்துக்கு வருகிறார்களா?

எனவே, வீட்டு வேலை செய்யும் தமிழ், மராத்திப் பெண்கள் தாங்களே உருவாக்கும் ஒரு வீதி நாடகத்தை இக்கிளை தயாரிக்க வேண்டுமென்று முன்மொழிகிறேன். எழுத்தாளர்கள் உதவட்டும், கதையை அப்பெண்கள் சொல்லட்டும். வார விடுமுறை, குறைந்தபட்சக் கூலி, நோய்க்கால ஊதியம் ஆகிய மூன்று கோரிக்கைகள் அதன் உயிராக இருக்கட்டும். நாடகம் நடக்கும் இடத்திலேயே சங்க உறுப்பினர் பதிவும் நடக்கட்டும்.

இன்னொன்று நம்மைப் பற்றியது. நாம் கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்பவர் யார்? பெண் தோழர் ஒருவர் கூட்டத்துக்கு வரும்போது அதே அடுப்பைப் பார்த்துக்கொள்பவர் யார்? இவ்விரு கேள்விகளுக்கும் ஒரே விடை வருமாயின், நம் கிளைகளில் பெண் உறுப்பினர் குறைவாக இருப்பதன் காரணத்தை வெளியே தேட வேண்டியதில்லை. இதில் என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

சற்றுமுன் நாம் தேநீர் அருந்தினோம். கோப்பைகள் சுவரோரம் கிடக்கின்றன. வழக்கமாக அவற்றைக் கழுவி வைத்து, இக்கூடத்தைப் பெருக்கிவிட்டுக் கடைசியாக வீடு செல்பவர்கள் யார் என்பது இங்குள்ள அனைவருக்கும் தெரியும். இன்று அவர்கள் முதலில் செல்லட்டும். கோப்பைகளை நான் கழுவுகிறேன். துடைப்பம் கதவருகில் இருக்கிறது. ஆண் தோழர்களில் இருவர் என்னுடன் இருங்கள்.