ஒளியைக் கெடுத்த ஔகாரம்



கணிப்பொறி எழுத்தின் வடிவறியாது, எண்ணையே அறியும். ஒருங்குறியில் ஒகரம் 2962, ளகரம் 2995, ஔகாரம் 2964. கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றுதலின், 'ஔவை' என்பதை ஒகரமும் ளகரமுமாய்த் தட்டச்சிடுவார் பலர். பின்னர் 'ஔவை'யைத் தேடுங்கால் கணிப்பொறி கைவிரிக்கும்.

இப்பிழை களையப் புகும் நிரலர், "ஒகரத்தையடுத்து ளகரம் வருமிடமெல்லாம் ஔகாரமாக மாற்றுக" என ஆணையிடின் என்னாகும்? ஔவை பிழைப்பாள், 'ஒளி' கெடும்! ளகரத்தைச் சார்ந்த இகரக் குறி, பற்றுக்கோடின்றி ஔகாரத்தின் பின்னே தொங்கும். 'ஒள்ளிய' என்பதும் அவ்வாறே சிதையும்.

எனவே, ளகரத்தின் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வரின் மாற்றற்க என்னும் நெறியும் நிரலில் வேண்டும். எழுத்தியல் அறியா நிரல், நூல் முழுதையும் நொடியிற் சிதைக்கும். ஆதலின், தமிழ் கற்றோரே! நிரலும் கற்பீர்!