வானில் ஏற்றிய வெளிச்சவீடு



மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தருகே ஒரு வெளிச்சவீடு நிற்கின்றது. 1913ஆம் ஆண்டிலே எழுப்பப்பட்டது. இரவிலே கடலிலிருந்து மீளும் தோணிக்காரருக்கு அது திசை காட்டியது. அதே விளக்கை ஒரு தோணியின் அணியத்திலே வைத்தால் எவ்வளவு தூரத்துக்குத் தெரியும்? சில மைல் தாண்டியதும் மறைந்துவிடும். ஒளி நேராகச் செல்வது. பூமியோ வளைந்து கிடப்பது. ஆகையால் விளக்கை உயர்த்த உயர்த்த அதனைக் காண்போர் தொகையும் பெருகுகின்றது.

தோணிக்காரர் அனைவரும் அறிந்த இந்த உண்மையைக் கொண்டே, தொலைக்காட்சி உலகெங்கும் செல்வதற்கு ஒரு வழி சொன்னவர் ஆர்தர் சி. கிளார்க். இங்கிலாந்திலே பிறந்து இலங்கையிலே மறைந்தவர். விண்வெளிக் கதைகள் எழுதியவரென்றே பலரும் அவரை அறிவர். கதைகளை இன்று ஒருபுறம் வைத்துவிடுவோம்.

1917ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள், மைன்ஹெட் என்னும் கரையோர ஊரிலே அவர் பிறந்தார். பதின்மூன்று வயதிலே தந்தையை இழந்தார். தாமே செய்த தொலைநோக்கியாற் சந்திரனைப் பார்த்து வரைபடம் தீட்டிய அச்சிறுவனுக்குப் பல்கலைக்கழகம் செல்லப் பொருள் இல்லை. இலண்டனுக்குப் போய் அரசாங்கக் கணக்காய்வுப் பகுதியிலே உத்தியோகம் பார்த்தார். போர் வந்தது, விமானப்படையிற் சேர்ந்தார். மூடுபனியிலே கண்தெரியாது தடுமாறும் விமானங்களை றேடார்க் கருவியினால் தரையிறக்கும் முறை அப்பொழுது புதிது. அதனைப் பயின்று பிறருக்கும் பயிற்றினார். அலைகளின் இயல்பை அவர் நன்கு கற்றுக்கொண்டது அங்கேதான்.

அந்த இயல்பைச் சற்றே சொல்ல வேண்டும். வானொலியின் சிற்றலைகள் மேல்வானத்திலுள்ள மின்னூட்டப்பட்ட படலத்திலே பட்டுத் திரும்பி, கடல் கடந்தும் வந்து சேரும். தொலைக்காட்சியைச் சுமக்கும் மிகக் குறுகிய அலைகளோ அப்படலத்தை ஊடுருவிப் போய்விடும். ஒளியைப் போல நேரே செல்வதன்றி, மலை குறுக்கிட்டால் வளைந்து தாண்டும் ஆற்றல் அவற்றுக்கு மிகக் குறைவு. கொழும்பிலே எழும் ஒரு காட்சி மத்திய மலைநாட்டைக் கடந்து மட்டக்களப்புக்கு எப்படி வரும்? கோபுரத்துக்குமேற் கோபுரமாக அஞ்சல் செய்தே கொண்டுவர வேண்டும்.

1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்னும் சஞ்சிகையிலே கிளார்க் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்திலே சுற்றும் பொருள், பூமியை ஒருமுறை வலம்வர ஒரு நாள் எடுக்கும். பூமியும் அதே வேகத்திற் சுழல்வதால், கீழிருந்து பார்ப்போருக்கு அது ஒரே இடத்திலே நிலைத்து நிற்கும். அத்தகைய மூன்று நிலையங்களைச் சம இடைவெளியில் நிறுத்தினால், துருவங்களை ஒட்டிய பகுதிகள் நீங்கலாக உலகம் முழுவதுக்கும் வானொலியும் தொலைக்காட்சியும் வழங்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார். கட்டுரைக்குக் கிடைத்த சன்மானம் பதினைந்து பவுண். உரிமைப் பத்திரம் எதுவும் அவர் எடுக்கவில்லை. பின்னாளில், ஓய்வுநேரத்திலே கோடிக்கணக்கான டொலரை இழந்த கதையென்று தம்மையே எள்ளி நகையாடி எழுதினார்.

இத்தகைய பாதையைப் பற்றி ரஷ்ய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி போன்றோர் முன்பே எண்ணியிருந்தனர். அதனை உலக ஒலிபரப்புக்கும் ஒளிபரப்புக்கும் உரிய முழுத் திட்டமாக்கியது கிளார்க்கின் பங்கு. ஓரிடத்திலே அவர் கணிப்புப் பிழைத்தது. எரிந்துபோகும் வால்வுகளை மாற்றுவதற்கு அந்நிலையங்களிலே மனிதர் குடியிருப்பர் என்று எண்ணியிருந்தார். சில ஆண்டுகளிலே டிரான்சிஸ்டர் வந்து, அந்தக் காவற்காரருக்கு வேலையில்லாமற் செய்துவிட்டது!

1956ஆம் ஆண்டிலே அவர் இலங்கையிற் குடியேறினார். அழைத்தது வானமன்று, கடல். அவ்வாண்டிலே அவரும் தோழர் மைக் வில்சனும் திருகோணமலைச் சுவாமி மலையடியிலே மூழ்கி, 1624இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் ஆலயத்தின் தூண்களையும் கற்களையும் கடலடியிலே கண்டனர்.

இனி நம் வாவிக்கு வருவோம். 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் நாள், அமெரிக்கரின் ஏ.டி.எஸ். 6 என்னும் செய்மதியின் வாயிலாக இந்தியா ஒரு பெரும் பரிசோதனையைத் தொடங்கியது. ஆறு மாநிலங்களிலே ஏறத்தாழ 2,400 கிராமங்கள். கோழிக்கூட்டுக் கம்பிவலையாற் செய்த பத்தடி அகலக் கிண்ணங்கள். காலையிற் பிள்ளைகளுக்குப் பாடம், மாலையிற் பெரியோருக்கு வேளாண்மையும் சுகாதாரமும். இந்திய விண்வெளிப் பொறியியலாளர் கொழும்பிலே கிளார்க்கின் வீட்டிலும் ஓர் அன்டெனாவைப் பொருத்திக் கொடுத்தனர். இலங்கையிலே தொலைக்காட்சி நிலையமே இல்லாத காலம் அது. முப்பதாண்டுக்கு முன்னர் காகிதத்திலே எழுதியதை அவர் தம் இல்லத்திலிருந்தே கண்ணாரக் கண்டார்.

அந்தச் செய்மதி நின்றது கிழக்காபிரிக்காவுக்கு நேர்மேலே. மட்டக்களப்பு நகரிலிருந்து நோக்கினால் மேற்குத் திசையிலே, வாவிக்கு அப்பால், படுவான்கரைக்கு மேலே. இந்தியாவுக்கென்று பொழிந்த அலை சிந்தியது கொழும்பிலே மட்டுமா? எழுவான்கரைத் தென்னைகளின்மீதும் வாவி நீரின்மீதும் ஓராண்டு முழுவதும் அது விழுந்துகொண்டே இருந்தது. ஏந்துவதற்குக் கிண்ணம் இல்லை. ஏந்தியிருந்தாலும் தெலுங்கும் கன்னடமும் ஒரியாவும் ஹிந்தியுமே கேட்டிருக்கும். அந்த ஆறு மாநிலங்களுள் தமிழ்நாடு இல்லை. தூரத்தை வென்றவர் கிளார்க் என்பதில் எனக்கு ஐயமில்லை. எந்த மொழியில், யாருக்காக என்பதை உயரம் தீர்த்துவைப்பதில்லை. அது கீழே, நிலையத்திலே அமர்ந்திருப்போர் தீர்க்க வேண்டியது.

1976ஆம் ஆண்டு ஜூலை 31உடன் பரிசோதனை முடிந்தது. செய்மதி மேற்கு நோக்கி நகர்த்தப்பட்டது. 1979 ஏப்ரலிலே கொழும்பைச் சுற்றிய சிறு வட்டத்துக்கு ஒரு தொலைக்காட்சி நிலையம் எழுந்தது. 1982 பெப்ரவரியிலே ரூபவாஹினி தொடங்கியபொழுது, நாட்டின் அதியுயர் சிகரமான பிதுருதலாகலையிலே கோபுரம் நாட்டினர். மீண்டும் வெளிச்சவீட்டின் கணக்குத்தான்!

கிளார்க் 2008ஆம் ஆண்டு மார்ச் மாதம், தொண்ணூறாவது வயதிலே கொழும்பிற் காலமானார். இன்று வாவியின் இரு கரைகளிலும் ஓட்டுக்கூரைகளின்மேல் அந்தக் கிண்ணங்களைக் காணலாம். பொருத்த வரும் இளைஞர் கூரையேறி, ஓரங்குலம் இப்பால், ஓரங்குலம் அப்பால் என்று திருப்புவார். உள்ளிருந்து “வந்துட்டுது!” என்று குரல் கேட்டதும் ஆணியை இறுக்கிவிட்டு இறங்குவார். காற்று அசைத்தாலன்றி அதனைப் பின்பு திருப்ப வேண்டியதில்லை. மேலே நிற்பது நின்ற இடத்திலேயே நிற்கின்றது.